ஹார்லெமின் நூலகம்: ஒரு கட்டடம் மக்களுடைமையான வரலாறு

நகரப் பொது நூலகங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொடையாளரின் பெயரில் தொடங்கிக் கட்டடக் கலைஞரின் பெயரில் முடித்துவிடுவர். அடிக்கல் நாட்டிய நாள், திறப்பு விழா நாள், செலவான தொகை, அடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஆகியவை ஆவணங்களில் இலகுவாகக் கிடைப்பன. அதனால் ஒரு நூலகத்தின் திட்டம் அது திறக்கப்படும் நாளோடு நிறைவெய்திவிடுகின்றது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயின், திறந்து இருபது ஆண்டுகள் கழிவதற்குள் நூலகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களே மாறிவிட்டால், முன்னையோருக்கென வகுக்கப்பட்ட அறைகள் பின்னையோருக்கு எங்ஙனம் பயன்படும்? வேறு மொழி பேசுவோரும், வேறு நாட்டிலிருந்து வந்தோரும், பிறரால் ஒதுக்கப்பட்டோரும் ஒரே வாயிலினூடாக நுழையும்போது அக்கட்டடம் அவர்களை எவ்வாறு ஏற்றுக்கொள்ளும்?

நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், 135ஆம் வீதியில், 1905ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிளை நூலகம் இவ்வினாக்களை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமானது. இன்று ஷொம்பேர்க் கறுப்பினப் பண்பாட்டு ஆய்வு மையம் என உலகறிந்த நிறுவனம் அச்சிறு கிளையிலிருந்தே தோன்றியது. அதன் உண்மையான திட்டம் 1905இல் கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் முடிந்துவிடாமல், அதன்பின் நாற்பது ஆண்டுகளாக நூலகர்களாலும் அயலில் வாழ்ந்த மக்களாலும் அறை அறையாக வகுக்கப்பட்டது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடையும் கொடையாளரும்

நியூயோர்க் பொது நூலகம் 1895இல் நிறுவப்பட்டது. அஸ்ரர், லெனொக்ஸ் என்னும் இரு செல்வர்களின் பெயரால் விளங்கிய நூலகங்களும், ரில்டன் என்பாரின் மரணசாசன நிதியமும் ஒன்றிணைந்தே அது தோன்றிற்று. அவை ஆய்வாளருக்குரியனவாய் இருந்தன. நூலை இரவல் பெற்று வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்பும் தொழிலாளிக்கு அவற்றால் பயனில்லை. அத்தேவையை ஓரளவு நிறைவு செய்தவை சிறு சிறு இலவச இரவல் நூலகச் சங்கங்களே. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த யூதக் குடியேறிகளின் நலன் கருதி 1886இல் உருவான அகுவிலார் இலவச நூலகச் சங்கம் இவற்றுள் ஒன்றாகும்.

இந்நிலையில், 1901ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தம் உருக்குத் தொழிலை விற்றுப் பெருஞ்செல்வராகத் திகழ்ந்த அன்ட்ரூ கார்னெகி, நகரெங்கும் 65 கிளை நூலகங்கள் அமைக்க 52 இலட்சம் டொலர் வழங்க முன்வந்தார். நிலத்தை நகரசபை அளிக்கவேண்டும். ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவையும் நகரசபையே ஏற்கவேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். இறுதியில் இக்கொடையைக் கொண்டு 67 கிளைகள் கட்டப்பட்டன. முதலாவது கிளை யோர்க்வில் பகுதியில் 1902 டிசெம்பரில் திறக்கப்பட்டது. முன்னர்க் குறித்த இலவச நூலகச் சங்கங்களும் ஒவ்வொன்றாகப் பொது நூலகத்துடன் இணைந்துகொண்டன.

கொடையாளரின் வாழ்க்கையை ஈண்டு சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். ஸ்கொத்லாந்தில் கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த கார்னெகி, நீராவித் தறிகள் தந்தையின் தொழிலை விழுங்கியபின் 1848இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். பஞ்சாலையிலும் பின்னர்த் தந்தி அலுவலகத்திலும் சிறுவனாகவே வேலை செய்தார். அண்டர்சன் என்னும் செல்வர் தம் சொந்த நூல்களைத் தொழில் செய்யும் சிறுவர்களுக்கு இரவல் வழங்கிவந்தார். பின்னர் அந்நூலகம் தந்திச் சேவகச் சிறுவர்களிடம் கட்டணம் கேட்டபோது, இளம் கார்னெகி பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அவ்வுரிமையை வென்றெடுத்தார். நூலகங்களின்மீது அவர் கொண்ட பற்றின் வேர் இங்கேயே உளது.

எனினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் வரலாற்று மாணவன் மறத்தலாகாது. 1892இல் ஹோம்ஸ்ரெட் உருக்காலையில் அவரது நிர்வாகம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முறியடித்தது; ஆயுதந் தாங்கிய தனியார் காவலரை வரவழைத்ததால் உயிர்கள் பலியாயின; தொழிற்சங்கம் சிதைந்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உலைமுன் நின்று உழைப்பவன் நூல் வாசிப்பது எப்போது என்று அக்காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. கொடையாக வந்த கட்டடம் எவருக்குரியது என்பதைக் கொடையே தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

ஓரச்சில் வார்த்த கட்டடங்கள்

நகரின் கிளைகளைத் தனித்தனியே போட்டியிட்டு வரையும்படி விடாது, பேர்பெற்ற கட்டடக் கலை நிறுவனங்கள் சிலவற்றிடம் பெரும்பாலான பணியை நூலக நிர்வாகம் ஒப்படைத்தது. இதனால் மன்ஹற்றன் பகுதியின் கிளைகள் உடன்பிறந்தவை போன்று ஒத்த தோற்றமுடையனவாயின. இரு வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில், வீதியை நோக்கிய கல் முகப்புடன், மூன்று தளங்களாக அவை எழுந்தன. வாயில் நடுவில் அமையாது ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. படிக்கட்டும் அப்பக்கமே சென்றது. அதனால் ஒவ்வொரு தளத்திலும் முகப்பு முதல் பின்சுவர் வரை தடையற்ற பெரிய மண்டபம் ஒன்று கிடைத்தது. பொதுவாக நிலமட்டத் தளத்தில் வளர்ந்தோருக்கான இரவல் பகுதி. அதற்கு மேல் சிறுவர் பகுதி. மூன்றாந் தளத்தில் அமைதியான வாசிப்பறை. பல கிளைகளில் காவலாளி குடும்பத்தோடு வாழ உச்சியில் வீடும் இருந்தது.

இவ்வமைப்பில் இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது ஒளி. நியூயோர்க்கின் ஏழை மக்கள் வாழ்ந்த குடியிருப்புகளின் உள்ளறைகள் பலவற்றுக்கு வெளிப்புறச் சாளரமே இருக்கவில்லை. 1901ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டமே புதிய கட்டடங்களில் ஒளியையும் காற்றையும் கட்டாயமாக்கிற்று. அத்தகைய இருண்ட அறையிலிருந்து வரும் ஒருவருக்கு, கூரையளவு உயர்ந்த வளைவுச் சாளரங்களும் மாலையில் மின்விளக்கும் கொண்ட மண்டபம் எத்தகைய மாற்றமாக இருந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. கிழக்குப் பகுதியில் 1909இல் திறக்கப்பட்ட செவார்ட் பூங்காக் கிளை, கூரையின் மீதே திறந்தவெளி வாசிப்பிடம் ஒன்றைக் கொண்டிருந்தது. கோடை வெம்மையில் வீட்டினுள் இருக்கவியலாத சிறார் அங்கு அமர்ந்து வாசித்தனர்.

இரண்டாவது, திறந்த அலுமாரி முறை. நூலை ஊழியரிடம் கேட்டுப் பெறும் பழைய வழக்கத்தை விடுத்து, வாசகர் தாமே அலுமாரிக்குச் சென்று நூலைத் தொட்டுப் பார்த்துத் தெரிவு செய்ய இவற்றில் இடமளிக்கப்பட்டது. மொழி சரிவரத் தெரியாத குடியேறிக்கு இது பெரும் உதவி. கேட்க நாணுபவரும் எடுத்துப் பார்க்கலாம் அன்றோ?

ஒரே அச்சில் வார்க்கும் இம்முறையில் ஒரு நீதியும் இருந்தது. ஒரு குறையும் இருந்தது. ஏழைகளின் வீதிக்கும் செல்வரின் வீதிக்கும் ஒரே தரமான கல்லும் ஒரே அளவு சாளரமும் கிடைத்தது நீதி. எந்த வீதியில் எவர் வாழ்கின்றனர், அவர் எதனை வேண்டுகின்றனர் என்று எவரையும் கேளாது வரைந்தது குறை.

135ஆம் வீதிக் கிளை இவ்வச்சிலேயே வார்க்கப்பட்டது. மக்கிம், மீட், வைற் நிறுவனத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மக்கிம் அதனை வரைந்தார். இத்தாலிய மறுமலர்ச்சிக் கால மாளிகைகளைத் தழுவிய முகப்புடன் அது 1905 ஜனவரியில் திறக்கப்பட்டது. அப்போது அதனைச் சூழ்ந்து வாழ்ந்தோர் பெரும்பாலும் வெள்ளையர். அவருள் யூதர் கணிசமாக இருந்தனர்.

ஹார்லெம் மாறிய விதம்

கட்டடம் மாறவில்லை, சூழல் மாறிற்று. நிலத்தடிப் புகையிரதப் பாதை வருகின்றதென்ற நம்பிக்கையில் ஹார்லெமிலே தேவைக்கு மிஞ்சிய வீடுகளை வணிகர் கட்டினர். 1904, 1905ஆம் ஆண்டுகளில் அச்சந்தை சரிந்தது. வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. இதனைக் கண்ட பிலிப் பேற்றன் என்னும் கறுப்பின வணிகர், வெள்ளையரான வீட்டுரிமையாளரோடு பேசிக் கறுப்பினக் குடும்பங்களை அவ்வீடுகளில் குடியமர்த்தினார். பின்னர், முதலாம் உலகப் போர்க் காலத்தில் வடபுலத் தொழிற்சாலைகளில் ஆட்பற்றாக்குறை ஏற்பட்டதும், தென் மாநிலங்களில் பருத்திச் செய்கையைப் பூச்சி அழித்ததும், அங்கு நிகழ்ந்த கொலைவெறியும் அவமதிப்பும் சேர்ந்து பல இலட்சம் கறுப்பின மக்களை வடக்கு நோக்கி நகர்த்தின. கரிபியன் தீவுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். ஸ்பானிய மொழி பேசும் புவேர்த்தோ ரிக்கோ மக்களும் அயலிலே குடியேறினர்.

ஆகவே, 1920 அளவில் 135ஆம் வீதிக் கிளையின் அயல் ஒரே நிறத்தினரைக் கொண்டதாயினும் ஒரே மக்கட் கூட்டமாக இருக்கவில்லை. ஜோர்ஜியா மாநிலத்து உழவனும், யமேக்கா நாட்டுத் தச்சனும், ஸ்பானியம் பேசும் சுருட்டுத் தொழிலாளியும், பல தலைமுறையாக நியூயோர்க்கில் வாழ்ந்த குடும்பத்தினரும் அங்கு அருகருகே வாழ்ந்தனர். வேறிடங்களில் இவர்களுக்கு வீடு கொடுப்பார் இன்மையின் ஹார்லெமில் வாடகை உயர்ந்தது. வாடகையைச் செலுத்த ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. வீட்டிலே தனித்திருந்து வாசிக்க ஒரு மூலைகூட இல்லாத இம்மக்களுக்கு நூலகத்தின் மேசையும் விளக்கும் இன்றியமையாதனவாயின.

நூலகர்கள்

இக்கட்டத்தில், 1920இல், ஏர்னஸ்ரீன் றோஸ் என்னும் வெள்ளை இனப் பெண்மணி கிளையின் தலைமை நூலகராக நியமிக்கப்பட்டார். இவர் முன்னர் செவார்ட் பூங்காக் கிளையில் யூதக் குடியேறிகளிடையே பணியாற்றியவர். அவ்வனுபவத்தை 1917இல் ஒரு சிறு நூலாகவும் எழுதியவர். மக்களின் மொழியையும் வழக்கத்தையும் அறியாது அவர்களுக்கு நூலகப் பணி செய்யவியலாது என்பது அங்கே அவர் கற்ற பாடம். அப்பாடத்தை ஹார்லெமில் அவர் பணியாளர் தெரிவில் செயற்படுத்தினார்.

அதே ஆண்டில் கதரின் லற்றிமர் அங்கு பணியேற்றார். நியூயோர்க் பொது நூலகத்தின் முதல் ஆபிரிக்க அமெரிக்க நூலகர் இவரே. மறு ஆண்டில் புவேர்த்தோ ரிக்கோவைச் சேர்ந்த பூரா பெல்ப்றே சேர்ந்தார். தம் பாட்டியாரிடம் கேட்ட நாட்டுப்புறக் கதைகள் நூலக அலுமாரியில் இல்லாதது கண்டு அவற்றைத் தாமே சிறுவருக்குச் சொல்லத் தொடங்கிய இவர், பின்னர் 115ஆம் வீதிக் கிளையில் ஸ்பானிய மொழிக் கதை நேரங்களை நடத்திப் புகழ்பெற்றார். நாவலாசிரியராகப் பின்னர் விளங்கிய நெல்லா லார்சனும், நாடகத்தில் ஈடுபாடுடைய றெஜினா அண்டர்சனும் இக்கிளையில் பணியாற்றியோராவர். பணிமேசையின் பின்னால் தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்திருப்பதைக் காண்பது, வாயிலைக் கடக்கத் தயங்கிய வாசகருக்கு எத்துணை துணிவை அளித்திருக்கும்! 1921இல் நகருக்கு வந்த கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ், ஹார்லெமில் தாம் முதலில் நாடிய இடங்களுள் இந்நூலகத்தையும் தம் சுயசரிதையில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

மூன்றாந் தளம்

1921இல் கிளையில் கறுப்பின ஓவியர்களின் படைப்புகள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஓவியக்கூடங்கள் தம் வாயிலை மூடியிருந்த காலத்தில் நூலகச் சுவர் அவற்றுக்கு இடமளித்தது. வாசிப்பறையாக வரையப்பட்ட கட்டடம் வேறு பணிகளையும் ஏற்கத் தொடங்கியது.

அடுத்து எழுந்தது நூல்கள் பற்றிய சிக்கல். கறுப்பின மக்களின் வரலாறு பற்றிய நூல்கள் மிகச் சில. அவற்றை வாசிக்க வந்தோர் மிகப் பலர். ஓயாத பயன்பாட்டால் அரிய நூல்கள் கிழிந்தன. சில காணாமற் போயின. மீண்டும் வாங்குவோமெனின் அவை விற்பனையில் இல்லை. எனவே 1924 டிசெம்பரில் றோஸ் அயலவரின் கூட்டமொன்றைக் கூட்டினார். ஆர்த்துரோ ஷொம்பேர்க், எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜோன்சன், வீதியோரப் பேச்சாளராகப் புகழ்பெற்ற ஹியூபேர்ட் ஹரிசன் முதலியோர் அதன்வழி அமைந்த குழுவில் இடம்பெற்றனர். அரிய நூல்களை இரவல் கொடாது அங்கேயே வைத்து வாசிக்கும் தனிப் பிரிவாக அமைப்பதென முடிவாயிற்று. 1925 மே மாதத்தில் மூன்றாந் தளத்தில் 'நீக்ரோ இலக்கிய, வரலாற்று, அச்சோவியப் பிரிவு' என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. ('நீக்ரோ' என்பது அக்காலத்தில் அம்மக்கள் தம்மைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லாகும்.)

அப்பிரிவை உலகறியச் செய்தவர் ஷொம்பேர்க். 1874இல் புவேர்த்தோ ரிக்கோவில் பிறந்து 1891இல் நியூயோர்க் வந்த அவர், ஒரு வங்கியின் தபாற் பகுதியில் எழுதுவினைஞராக நெடுங்காலம் பணியாற்றியவர். கறுப்பின மக்களுக்கு வரலாறு இல்லை என்று பள்ளிப் பருவத்தில் ஆசிரியர் ஒருவர் கூறியதே அவரைத் தேடலில் இறக்கியது என்பர். வேலை முடிந்தபின் பழைய புத்தகக் கடைகளைத் துருவி நூல், கையெழுத்துப் படி, ஓவியம் எனச் சேர்த்தார். வெளிநாட்டு வணிகரோடும் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1926இல் கார்னெகி நிதியம் 10,000 டொலர் அளிக்க, அவரது சேகரிப்பு 135ஆம் வீதிக் கிளைக்கு வந்து சேர்ந்தது. 5,000க்கு மேற்பட்ட நூல்களும், ஏறத்தாழ 3,000 கையெழுத்துப் படிகளும், 2,000 அச்சோவியங்களும் அதில் அடங்கியிருந்தன. 1932 முதல் தாம் இறந்த 1938 வரை அதன் பொறுப்பாளராக அவரே பணியாற்றினார்.

இந்நிகழ்ச்சியின் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். முதற் கொடை கட்டடத்தைத் தந்தது. அதில் எந்நூல் இருக்கவேண்டுமென அயலார் கேட்கப்படவில்லை. இரண்டாவது தொகையோ, அயலாரே கூடித் தீர்மானித்த தேவையை நிறைவு செய்தது. இதற்கிடையிலான இருபது ஆண்டுகளில் நூலகம் கொடுப்பாரின் உடைமை என்னும் நிலையிலிருந்து கொள்வாரின் உடைமை என்னும் நிலைக்கு நகர்ந்துவிட்டது. தம் முன்னோர் எழுதியவை பொதுக் கட்டடமொன்றில், பொதுப் பணத்தால் காக்கப்படுகின்றன என்பது அம்மக்களின் குடியுரிமையை உறுதிசெய்த செயலாகும். ஒரு மக்களின் ஏடுகள் அழியும்போது அழிவது எது என்பதை 1981இல் யாழ்ப்பாணத்தில் கண்ட நமக்கு, அவை காக்கப்படும்போது நிலைபெறுவது எது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிலக்கீழ்த் தளம்

மேலே வரலாறு திரட்டப்பட்ட வேளையில், கீழே நாடகம் வளர்ந்தது. 1926இல் அறிஞர் டு பொய்ஸ் முன்னின்று தொடங்கிய கிறிக்வா நாடகக் குழு நூலகத்தின் நிலக்கீழ்த் தளத்தை அரங்காகக் கொண்டது. றெஜினா அண்டர்சன் அதில் முக்கிய பங்கேற்றார். 1940இல் தோன்றிய அமெரிக்க நீக்ரோ அரங்கும் அங்கேயே நிலைகொண்டது. 1944இல் அச்சிறு அரங்கில் மேடையேறிய 'அன்னா லுக்காஸ்ரா' என்னும் நாடகம் அதே ஆண்டில் புரோட்வே அரங்குக்குச் சென்று பெருவெற்றி ஈட்டியது. பின்னாளில் திரையுலகில் புகழெய்திய சிட்னி பொய்ற்றியரும் ஹரி பெலபொன்ரேயும் பயின்றது இவ்வரங்கிலேயே. ஒதுக்கிடமாகக் கருதப்படும் ஓர் அறை, பயன்படுத்துவோரின் முயற்சியால் கலைக்கூடமாகியது.

1934இல் ஓவியர் ஆரன் டக்ளஸ், ஆபிரிக்க வாழ்வு முதல் அடிமைத்தளை, விடுதலை, நகரக் குடியேற்றம் வரையிலான வரலாற்றை நான்கு பெரும் சுவரோவியங்களாகத் தீட்டி இந்நூலகத்துக்கு அளித்தார். பொருளாதார மந்தக் காலத்தில் கலைஞருக்கு வேலை வழங்கிய அரசாங்கத் திட்டமே அதற்குப் பணம் தந்தது. பிற்காலத்தில் பேரெழுத்தாளராக விளங்கிய ஜேம்ஸ் போல்ட்வின், சிறுவனாக இந்நூலகத்துக்கு வாரம் பலமுறை வந்து வாசித்தவர்.

தடைகள்

இதுவரை கூறியவற்றால் ஹார்லெம் நூலகத்தின் வளர்ச்சி இடையூறற்றதெனக் கருதிவிடலாகாது. தென் மாநிலங்களில் கார்னெகி நூலகங்களின் நிலை வேறாயிருந்தது. 1902இல் அற்லான்ரா நகரில் கார்னெகி நூலகம் திறக்கப்பட்டபோது, கறுப்பின மக்கள் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. டு பொய்ஸ் தலைமையில் சென்ற குழுவினர் நியாயம் கேட்டும் பயன் விளையவில்லை. அவர்களுக்கெனத் தனிக்கிளை 1921இலேயே கிடைத்தது. லூயிவில் நகரில் 1908இல் எழுந்த மேற்குக் கிளை கறுப்பின மக்களுக்கெனப் பிரித்துவைக்கப்பட்டதே. ஆயினும் தோமஸ் புளூ என்னும் கறுப்பினத்தவர் அதன் பொறுப்பை ஏற்றுத் தம்மவரை நூலகராகப் பயிற்றுவித்தார். 1961 மார்ச்சில்கூட, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரப் பொது நூலகத்தில் அமர்ந்து வாசித்த குற்றத்திற்காக ஒன்பது கறுப்பின மாணவர் கைதாகினர்.

நியூயோர்க்கில் அத்தகைய சட்டத்தடை இல்லை. ஆனால் பதவி உயர்வில் தடை இருந்தது. கறுப்பின நூலகர் பெரும்பாலும் ஹார்லெமிலேயே நிறுத்தப்பட்டனர். உயர்பதவிகள் எளிதிற் கிட்டவில்லை. றெஜினா அண்டர்சனுக்காக டு பொய்ஸ் நூலக நிர்வாகத்தோடு வாதாட வேண்டியிருந்தது. நெடுநாட் போராட்டத்தின் பின்னரே, 1938இல், அவர் 115ஆம் வீதிக் கிளையின் தலைமைப் பொறுப்பை எய்தினார். வாயில் எல்லோருக்கும் திறந்திருப்பது வேறு. உள்ளே எல்லாக் கதவுகளும் திறந்திருப்பது வேறு என்பது இதனாற் புலனாகும்.

புதிய கட்டடங்கள்

வளர்ந்த சேகரிப்புக்கும் பெருகிய வாசகருக்கும் மக்கிமின் கட்டடம் போதாதாயிற்று. 1940களின் தொடக்கத்தில் அதன் பின்புறம் 136ஆம் வீதியில் புதிய கிளையொன்று எழுந்தது. 1920களில் எழுத்தாளரும் ஓவியரும் கூடி மகிழ்ந்த அலீலியா வாக்கரின் இல்லம் இருந்த நிலம் அது. கவிஞர் கவுண்ரீ கலனின் பெயரை அக்கிளை 1951இல் பெற்றது. பழைய கட்டடத்தில் ஷொம்பேர்க் சேகரிப்பு தொடர்ந்து இருந்தது. 1972இல் அது கிளை நூலகங்களிலிருந்து பிரிக்கப்பட்டு நகரின் ஆய்வு நூலகங்களுள் ஒன்றாக உயர்த்தப்பட்டது.

1980இல் அதற்கெனத் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தை வடிவமைத்தவர் மக்ஸ் பொண்ட் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர். இவரது முன்னைய பணிகள் இரண்டு நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையன. 1960களில் கானா நாட்டில் பணியாற்றியபோது பொல்கற்றாங்கா நகருக்கு அவர் ஒரு நூலகம் வரைந்தார். தனித்தனிக் கூடங்களாகப் பிரித்து, அவை அனைத்தையும் ஒரு பெருங்கூரையின் நிழலில் அமைத்து, இடையே காற்று உலாவச் செய்தது அவ்வமைப்பு. தாயகம் திரும்பியபின், ஹார்லெம் மக்கள் தம் குடியிருப்பின் திட்டமிடலில் தாமே பங்கேற்க உதவிய கட்டடக் கலைஞர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். முதற் கட்டடம் அயலாரைக் கேளாமலே வரையப்பட்டது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டின் பின் அயலாரின் குரலைக் கேட்டுப் பழகியவரே வரைந்தார். இடையில் நிகழ்ந்த மாற்றத்தை இவ்வொன்றே காட்டும்.

முடிவுரை

135ஆம் வீதிக் கிளையின் வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பல்வகை மக்கள் வாழும் நகரப் பகுதியில் நூலகம் அமைப்போர் எல்லா அறைகளின் பயனையும் முன்கூட்டியே முடித்துவிடலாகாது. மக்கிமின் கட்டடம் பயன்பட்டமைக்குக் காரணம் அதன் மறுமலர்ச்சிக் கால முகப்பன்று. தடையற்ற மண்டபங்களும், நல்ல ஒளியும், எப்பணிக்கும் இடந்தந்த நிலக்கீழ்த் தளமுமே. இரண்டாவது, வாசகரின் மொழியும் வாழ்வும் அறிந்தோர் பணிமேசையிலும் தலைமைப் பதவியிலும் அமரும்வரை நூலகத்தின் திட்டம் அரைகுறையே. மூன்றாவது, பிறர் எழுதிய நூல்களை வழங்குவதோடு நின்றுவிடாது, அம்மக்கள் தாமே எழுதியவற்றைத் திரட்டிக் காக்கும்போதே நூலகம் அவர்களுக்குரியதாகின்றது.

பராமரிப்பு என்னும் நான்காவதொன்றையும் சேர்த்துக் கூறலாம். கார்னெகி நகரசபைமீது சுமத்திய நிபந்தனை வெறும் கணக்கு வழக்கன்று. 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க் நகரசபை கடனில் மூழ்கியபோது, கிளை நூலகங்களின் திறப்பு நேரங்கள் பெரிதும் வெட்டப்பட்டன. பூட்டிய கதவின் பின்னால் எத்துணை அரிய நூல் இருந்தும் என்ன பயன்?

பழைய கட்டடம் இன்றும் அவ்வீதியில் நிற்கின்றது; ஷொம்பேர்க் மையத்தின் ஒரு பகுதியாகவே அது விளங்குகின்றது. 1921இல் அதன் படியேறிய லாங்ஸ்ரன் ஹியூஸ் 1967இல் மறைந்தார். 1991இல் அவரது சாம்பல் அம்மையத்தின் மண்டபத் தரையின் கீழ் வைக்கப்பட்டது. வாசகனாக வந்த ஒருவரைத் தன் தரையிலேயே இருத்திக்கொள்ளும் அளவுக்கு ஒரு நூலகம் தன் மக்களோடு ஒன்றிவிட்டது. இவ்வொற்றுமை எந்த வரைபடத்திலும் தீட்டப்பட்டதன்று. நூலகரும் வாசகரும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கட்டியது எனத் துணிந்து கூறலாம்.